ரசனையை அளவுகோலாக வைத்துக் கேசட்டுகளை எறிய வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டில் தேங்கிக் கிடக்கும் பழம்பொருள்களைக் கழித்துக்கட்டுவது பற்றித் தங்கள் நாளிதழின் வார இணைப்பில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். ஓட்டை உடைசல் பாத்திரங்கள், காலாவதியான மருந்துகள், பழுதான மின்விசிறிகள் ஆகியவை பற்றி அதில் சொல்லியிருப்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், எறிய வேண்டியவற்றின் வரிசையில் பாட்டுக் கேசட்டுகளையும் சேர்த்து, எல்லாப் பாடல்களும் கைப்பேசியிலேயே கிடைப்பதால் இப்போது கேட்கத் தோன்றாத எதையும் வைத்திருக்க வேண்டியதில்லை என்ற பொருள்பட எழுதியிருந்தது என்னை மிகவும் வருத்தியது. இராமநாதபுரம் கடற்கரையில் எத்தனையோ வீடுகளின் பரண்களிலும் தகரப் பெட்டிகளிலும் அப்படிப்பட்ட கேசட்டுகள் இன்னும் இருக்கின்றன. அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரு வீட்டிலிருந்துகூட அவை குப்பை வண்டிக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எல்லாப் பாடல்களும் கைப்பேசியில் கிடைக்கின்றன என்பதே முழு உண்மை இல்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். இப்போது கேட்கத் தோன்றவில்லை என்பதை அளவுகோலாக வைத்துக்கொள்வதுதான் என் முதன்மையான மறுப்பு. மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகளின் இயந்திர ஓசை அடங்கிப் பாம்பன் அமைதியாக இருந்த பொழுதுகளைப் பயன்படுத்தி, எங்கள் வீட்டுக் கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழுது நீக்கிய ஒரு டேப் ரெக்கார்டரில் முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். எதை விரும்பிக் காசு கொடுத்துப் பதிவு செய்தேனோ அது பல இடங்களில் என்னைத் தொடவே இல்லை; எதைக் கேட்காமல் ஓட்டிவிடுவேனோ அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். பத்து ஆண்டுகளுக்கு முன்பு என் விருப்பப்படி பெட்டியைக் கழித்திருந்தால், இன்று நான் மிகவும் போற்றுகிற நாடாக்களில் பாதி இருந்திருக்காது.

அந்தப் பெட்டியில் இருப்பவற்றைச் சற்று விளக்க வேண்டும். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட், எண்பதுகளில்தான் எங்கள் பகுதியின் எளிய குடும்பங்களுக்கும் எட்டியது. கடையில் விற்ற பதிவுகளை வாங்கியவர்கள் குறைவு. வெறும் கேசட் ஒன்றை வாங்கி, வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதி, பதிவு செய்து தரும் கடையில் கொடுத்துவிட்டு வருவதுதான் வழக்கம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாடல்கள் அடங்கும். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பத்துப் பாடல்கள் வரை அடங்கும் என்பதால், எந்தப் பாடலைச் சேர்ப்பது, எதை விடுவது என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடக்கும். அக்காவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அத்தானுக்கு ஒன்று என்று இடம் ஒதுக்கிய பிறகே என் விருப்பங்கள் வரும். ஆகையால் ஒவ்வொரு கேசட்டும் ஒரு குடும்பத்தின் ஒரு பருவத்து ரசனையை அப்படியே எடுத்துக் காட்டுகிறது. உறைக்குள் செருகியிருக்கும் அட்டையில் நீல மையால் எழுதிய பட்டியல், அதில் ஓர் அடித்தல், பக்கத்தில் வேறொருவர் கையெழுத்தில் ஒரு மாற்றுப் பாடல் ஆகியவற்றைக் கைப்பேசியில் எந்தச் செயலியும் தரப்போவதில்லை.

இனி, ரசனை மாறியதைச் சொல்கிறேன். இருபது வயதில் எனக்குப் பாட்டு என்றால் பாடகரின் குரலும் பல்லவியும்தான். சரணத்துக்கு முன் வரும் இடையிசை, அடுத்த வரி எப்போது வரும் என்று காத்திருக்கும் நேரமாகவே இருந்தது. 1976இல் அன்னக்கிளி படத்தின் வழியாக இளையராஜா திரையிசைக்கு வந்தபின் வெளியான பாடல்களைத்தான் நானும் என் வயதினரும் போட்டி போட்டுக்கொண்டு பதிவு செய்தோம். அவற்றை இப்போது கேட்கும்போது காது தானாகவே குரலிலிருந்து விலகி, அடியில் நடக்கும் பேஸ் கித்தாரைப் பின்தொடர்கிறது. பாடகர் ஒரு சொல்லை நீட்டி நிறுத்தும் இடத்தில், வயலின்கள் கூட்டமாக எழுந்து இடத்தை நிரப்புவதும், அவை அடங்குவதற்குள் புல்லாங்குழல் வேறொரு மெட்டைப் பிடித்துக்கொள்வதும் அன்றும் அதே நாடாவில் இருந்தவைதாம். அன்றைக்கு அவற்றைக் கேட்கும் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. வாழ்க்கையின் அவசரம் அப்படி. அந்த வயதின் விருப்பத்தைத் தாழ்வாகவும் நான் எண்ணவில்லை. பதின்ம வயதிலும் இருபதுகளிலும் கேட்ட பாடல்களே மனத்தில் ஆழமாகப் பதிகின்றன என்று நினைவாற்றலை ஆராய்வோர் சொல்கிறார்கள். அந்தப் பதிவு அடித்தளமாக இருப்பதால்தான் அதன்மேல் இன்றைய கேட்பு நிற்க முடிகிறது.

எதிர்த்திசையிலும் மாற்றம் நேர்ந்திருக்கிறது. எண்பதுகளின் பிற்பாதியில் வந்த, மின்னணுத் தாளம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அடியாக விழுகின்ற பாடல்கள் எனக்கு அன்று பெரும் கொண்டாட்டமாக இருந்தன. இப்போது இரண்டாம் சரணத்தைத் தாண்ட முடியவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள். ஆனால், ஒருகாலத்தில் புளித்தது பிறகு இனிப்பதையும் அதே பெட்டியில் கண்டேன். 1992இல் ரோஜா படத்தின் பாடல்கள் வந்தபோது, அவை இளையவர்களுக்கானவை என்று என் வயதினர் பலர் ஒதுங்கியே இருந்தோம். என் அண்ணன் மகள் அந்தக் காலத்தில் பதிவு செய்து, திருமணமாகிப் போகும்போது எங்கள் வீட்டிலேயே விட்டுச்சென்ற கேசட்டை இப்போது கேட்டேன். ஒலிகளுக்கு நடுவே விடப்பட்டிருக்கும் வெளியும், தாளக் கருவிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழும் தெளிவும் என்னை வியக்க வைத்தன. இன்னொருவர் ரசனைக்காகச் சேர்த்து வைத்தது, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து என் ரசனைக்குப் பயன்பட்டிருக்கிறது.

இந்த மாற்றத்தில் காதுக்கும் ஒரு பங்கு உண்டு. மனிதக் காது இளமையில் நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரை கேட்க வல்லது. வயது ஏற ஏற, உயர்ந்த அதிர்வுள்ள ஒலிகளே முதலில் மங்குகின்றன. இளமையில் சலங்கை, ஜால்ரா போன்றவற்றின் கூர்மை என்னை இழுத்தது என்றால், அறுபதைக் கடந்த பிறகு தம்புராவும் மிருதங்கத்தின் தாழ்ந்த ஒலி தரும் பக்கமான தொப்பியும் பேஸ் கித்தாரும் நெருங்கி வருவதற்கு உடலும் ஒரு காரணம்தான். மனம் முதிர்ந்தது மட்டுமே காரணம் என்று பெருமை கொள்ள இடமில்லை. ரசனையை நம்பி எதையும் நிலையாகத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மாமனார் காலமானபோது அவருடைய கேசட்டுகளும் எங்கள் வீட்டுக்கு வந்தன. அவர் இராமநாதபுரம் நகரில் வாழ்ந்தவர்; வானொலியில் வரும் கச்சேரிகளைப் பதிவு செய்து வைத்தவர். இந்த மாவட்டத்துக்குச் சங்கீதத்தில் உள்ள பங்கு இன்று உள்ளூரிலேயே பலருக்குத் தெரிவதில்லை. பூச்சி சீனிவாச ஐயங்கார் (1860–1919) இராமநாதபுரத்தின் பெயரோடு சேர்த்தே அறியப்பட்ட வித்துவான்; அவரிடம் பயின்ற அரியக்குடி இராமானுஜ ஐயங்கார்தான் (1890–1967) இன்று மேடைகளில் காணும் கச்சேரி முறைக்கு வடிவம் தந்தவர் என்று போற்றப்படுகிறார். மிருதங்கத்தில் சி. எஸ். முருகபூபதியும், வாய்ப்பாட்டில் இராமநாதபுரம் கிருஷ்ணனும் (1918–1973) இந்த ஊரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றார்கள். மாமனார் உயிரோடு இருந்தபோது, பாடகர் ஸ்வரங்களைக் கற்பனையாகக் கோத்துப் பாடும் கல்பனா ஸ்வரமும், தாளக் கருவிகள் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனமும் வரும் இடங்களில் மட்டும் நான் அவர் பக்கத்தில் போய் உட்காருவேன்; விரைவும் எண்ணிக்கையும்தான் எனக்குப் புரிந்தன. கிருஷ்ணன் பேகடா போன்ற ரக்தி ராகங்களை அவசரமின்றி விரித்துக்கொண்டு போவதை மாமனார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பார். இப்போது அந்த நாடாவை ஓட்டினால், ராகத்தின் ஒரு சஞ்சாரம், அதாவது ஒரு ஸ்வரக் கோவை, முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் கிருஷ்ணன் விடுகின்ற இடைவெளிக்காகவே நான் காத்திருக்கிறேன். அந்த இடைவெளியில் தம்புரா மட்டும் கேட்கும். வயலின் மிக மெல்லியதாக, அவர் விட்ட இடத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். ராகம் எங்கே போகப்போகிறது என்று கேட்பவரும் பாடுபவரோடு சேர்ந்து யோசிக்கின்ற நேரம் அது.

நாகூர் ஈ. எம். ஹனிபா அவர்களைப் பற்றி இந்தக் கடற்கரையில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. 1925இல் இராமநாதபுரத்தில் பிறந்து 2015இல் மறைந்த அவருடைய குரல், கீழக்கரையிலும் ஏர்வாடியிலும் தொண்டியிலும் பனைக்குளத்திலும் நோன்பு மாதத்திலும் கந்தூரி நாள்களிலும் குழாய் ஒலிபெருக்கி வழியாக ஊர் முழுவதும் பரவும். கோயில் திருவிழாவுக்கும் மாதா கோயில் தேருக்கும் மைக் செட் போட்டவர்களே அதற்கும் போட்டார்கள். எல்லாச் சமயத்தாருக்கும் அந்தப் பாடல்கள் மனப்பாடம். ஊரோடு சேர்ந்து கேட்டதால், தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றியதே இல்லை. இப்போது கேட்டபோது, உச்சத்துக்குப் போகும் இடத்தில் சிறிதும் குரலைச் சுருக்காமல் தொண்டையைத் திறந்து அவர் பாடுவதும், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லும் எழுத்து எழுத்தாகத் தெளிந்து விழுவதும் என்னை ஆட்கொண்டன.

அடுத்து, கைப்பேசியில் கிடைக்காதவற்றுக்கு வருகிறேன். எங்கள் இளமையில் பாட்டு என்றால் இலங்கை வானொலிதான். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. மத்திய அலை ஒலிபரப்பு நிலத்தின்மேல் வரும்போது விரைவில் வலுவிழக்கும். உப்பு நீரின்மேல் வரும்போது அவ்வளவாக இழப்பதில்லை. ஆகையால் நண்பகலிலும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சுப்போல் கேட்கும். கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் போன்ற அறிவிப்பாளர்களின் உச்சரிப்பைக் கேட்டுத் தமிழ் பேசப் பழகியவர்கள் இங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

வானொலியிலிருந்து நேரடியாகப் பதிவு செய்பவர்கள் அனைவரும் ஒரு முறையைக் கையாண்டோம். சிவப்புப் பொத்தானையும் பிளே பொத்தானையும் சேர்த்து அமுக்கிவிட்டு, பாஸ் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு காத்திருப்போம். அறிவிப்பாளர் பேசி முடித்துப் பாட்டின் முதல் ஒலி வந்ததும் விரலை எடுப்போம். பாட்டு முடிந்ததும், அவர் வாயைத் திறப்பதற்குள் மறுபடியும் அமுக்குவோம். பாட்டுத்தான் வேண்டும், பேச்சு வேண்டாம் என்பது அந்த நாளைய பதிவின் இலக்கணம். விரல் சற்றுத் தாமதித்த இடங்களில் அறிவிப்பாளரின் அரை வாக்கியம் நாடாவில் தங்கிவிட்டது. ஒரு நாடாவில், நேயர் விருப்பம் கேட்டு எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல் ஊர்ப் பெயர்களோடு ஓடுகிறது: யாழ்ப்பாணம், மன்னார், அடுத்த மூச்சிலேயே தொண்டி, இராமேஸ்வரம். இரு கரைகளும் ஒரே பட்டியலில் இருந்த காலம் அது. வேறொரு நாடாவில், இரண்டு காதல் பாடல்களுக்கு நடுவே ஒரு மரண அறிவித்தலின் கடைசிப் பகுதி பதிவாகியிருக்கிறது. இறந்தவரின் பெயர் அதில் இல்லை; உற்றார், உறவினர், நண்பர்கள் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளும்படி கேட்கும் முடிவு மட்டும், அறிவிப்பாளரின் நிதானமான குரலில் இருக்கிறது. கடலின் இந்தப் பக்கத்திலும் உறவுகள் இருந்ததால், எங்கள் வீடுகளில் அந்த அறிவித்தல்களின்போது யாரும் பேச மாட்டார்கள். அந்த நாடாவில் உள்ள பாடல்கள் இரண்டும் இன்று எங்கு வேண்டுமானாலும் கிடைக்கும். அவற்றுக்கு நடுவே உள்ள அந்தச் சில நொடிகள் எங்கள் வீட்டைத் தவிர வேறு எங்கும் இருக்குமா என்பது ஐயமே.

இன்னும் ஒன்று உண்டு. எங்கள் அத்தான் தொண்ணூறு நிமிடக் கேசட் ஒன்றின் இரண்டாம் பக்கத்தில், திரைப்பாடல்கள் முடிந்தபின் எஞ்சியிருந்த இடத்தில், தனுஷ்கோடியில் கரைவலை இழுத்தவர்களின் அம்பாப் பாட்டைப் பதிவு செய்திருக்கிறார். கரைவலையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு, இரு முனைகளின் கயிற்றையும் கரையில் நின்று இரண்டு கூட்டத்தார் இழுப்பார்கள். தொடக்கத்தில் இரு கூட்டங்களுக்கும் நடுவே நீண்ட தொலைவு இருக்கும். வலை கரையை நெருங்க நெருங்க அவர்களும் ஒருவரை ஒருவர் நோக்கி நகர்வார்கள். முன்பாட்டுக்காரர் ஓர் அடியைச் சொல்ல, மற்றவர்கள் ஏலேலோ என்றும் ஐலசா என்றும் சேர்ந்து கொடுக்கும்போது எல்லாருடைய இழுப்பும் ஒரே நேரத்தில் விழும். அந்தப் பதிவில் முதலில் காற்று ஒலிவாங்கியில் மோதும் இரைச்சல்தான் மிகுதியாகக் கேட்கிறது. அருகில் நின்ற கூட்டத்தின் குரல் தெளிவாகவும், எதிர்க் கூட்டத்தின் குரல் எங்கோ தொலைவில் அரை அடி பிந்தியும் வருகின்றன. நேரம் செல்லச் செல்ல அந்தத் தொலைவுக் குரல் வலுக்கிறது. மீன் சேரும் வலையின் மடி கரையை நெருங்கியதும் பாரம் கூடுவதால் முன்பாட்டுக்காரர் நீண்ட அடிகளை விட்டுவிட்டுச் சொற்களைக் குறுக்குகிறார். மூச்சு வாங்குவது கேட்கிறது. இறுதியில் இரு கூட்டங்களின் குரலும் ஒன்றாகக் கலந்து, யார் எந்தப் பக்கம் என்று பிரிக்க முடியாமல் ஒலிக்கிறது. வலை வந்து சேர்ந்ததைக் கண்ணால் பார்க்காமலேயே காதால் அறிந்துகொள்ளலாம். விசைப்படகு பெருகிய பிறகு இந்தப் பாட்டுக்கான தேவை குறைந்துவிட்டது; பாடத் தெரிந்தவர்களும் மூப்படைந்து வருகிறார்கள். அத்தான் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டிய நாளில் வீட்டிலிருந்த இளையவர்கள் நாங்கள், தினமும் கேட்பதுதானே என்று எழுந்து போய்விட்டோம். தினமும் கேட்டதுதான் இன்று எங்கும் கேட்பதில்லை.

ஒரு காலத்தவர் விரும்பாததை அடுத்த காலத்தவர் பொன்னாகப் போற்றுவது தமிழுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் புலவர்கள் அந்தாதியும் கலம்பகமும் தலபுராணமும் படித்தார்கள். பழைய காப்பியங்களும் சங்க நூல்களும் ஏடுகளில் உறங்கின. 1880இல் சேலம் இராமசாமி முதலியார் கும்பகோணத்தில் கேட்ட ஒரு கேள்வியால் தூண்டப்பட்டு, உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சேற்றினார். அவர் ஊர் ஊராகச் சென்றபோது சுவடி கிடைத்த வீடுகள், அதை விரும்பிப் படித்ததால் வைத்திருந்தவை அல்ல. பெரும்பாலும் எறிய மனமில்லாமல் பரணில் விட்டு வைத்தவைதாம். பயனில்லை என்று எண்ணி ஆற்று வெள்ளத்தில் விட்டவர்களின் சுவடிகள் திரும்பவே இல்லை. ஏடு தேடும் அந்தப் பணிக்குத் துணை நின்று, 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் நம் இராமநாதபுரத்துக்காரர். பழைய இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்த அச்சு நூல்களும் இதழ்களும் துண்டு வெளியீடுகளும், அவர் மறைந்தபின் சென்னையில் 1994இல் ஆராய்ச்சி நூலகமாக உருப்பெற்றன. நாடக விளம்பரத் தாள்களையும் சிறு பாட்டுப் புத்தகங்களையும் அவர் தம் ரசனையை வைத்துக் கழித்திருந்தால் ஆய்வாளர்களுக்கு இன்று எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒலிநாடாவுக்கு ஏட்டைவிட ஆயுள் குறைவு. எங்கள் கடற்கரையில் அது இன்னும் குறைவு. பாலியெஸ்டர் நாடாவின்மேல் இரும்பு ஆக்சைடு துகளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். ஈரப்பதம் அந்தப் பசையை நைய வைக்கிறது, நாடாவின் ஓரங்களில் வெண்பூஞ்சை படர்கிறது. ஒலியைப் படிக்கும் ஹெட்டோடு நாடாவை அழுத்திப் பிடிக்கும் சிறு கம்பளித் துண்டு, ஒட்டு காய்ந்து விழுந்துவிடுகிறது. உப்புக் காற்றில் அதன் தகடும் துருவேறுகிறது. தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஏறத்தாழ 130 மீட்டர் நாடா இருக்கிறது. அறுபது நிமிட நாடாவைவிட அது மெல்லியது என்பதால் எளிதில் சிக்கும். எடுத்த எடுப்பில் அதை இயந்திரத்தில் போட்டு ஓட்டக் கூடாது. அறுகோணப் பென்சிலைச் சக்கரத்தில் செருகிக் கையால் மெல்லச் சுற்றிப் பார்த்து, ஒட்டிக்கொள்ளாமல் வருகிறதா என்று உறுதி செய்ய வேண்டும். மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிட்டால், தவறிப் போய்ப் பதிவுப் பொத்தானை அமுக்கினாலும் பழைய பதிவு அழியாது. கம்பளித் துண்டு விழுந்திருந்தால், ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருள்களை அப்படியே தூக்கி வேறொரு நல்ல கூட்டுக்குள் வைத்துவிடலாம். சற்றுப் பொறுமை இருந்தால் யாரும் செய்யக்கூடிய வேலைதான். பூஞ்சை படர்ந்ததை வீட்டில் ஓட்டாமல், அனுபவம் உள்ளவர்களிடம் கொடுப்பது நல்லது.

கணினிக்கு மாற்றுவதும் இன்று பெரிய செலவில்லை. டேப் ரெக்கார்டரின் இயர்போன் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணினிக்கு இணைத்து, ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்துவிட்டு, சுருக்காத கோப்பாகப் பதிவு செய்ய வேண்டும். தொண்ணூறு நிமிடத்துக்கு ஏறக்குறைய 950 மெகாபைட் இடம் பிடிக்கும். 64 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அறுபது கேசட்டுகள் அடங்கும். இரைச்சலை நீக்கும் மென்பொருளை முதல் பிரதியின்மேல் செலுத்த வேண்டாம் என்பது என் கருத்து. இன்றைய காதுக்கு இரைச்சலாகப் படும் கடற்காற்றும் அறிவிப்பாளரின் அரை வாக்கியமும் அதோடு போய்விடும்.

இதைத் தனி மனிதர்களின் ஆர்வத்துக்கு விட்டுவிடாமல் பொது முயற்சியாக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இராமநாதபுரம் மாவட்ட மைய நூலகத்தில் நல்ல டேப் டெக் ஒன்றையும் கணினி ஒன்றையும் வைத்து, வாரத்தில் ஒரு நாள் மக்கள் தங்கள் கேசட்டுகளைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ள இடம் தரலாம். கேசட் உரிமையாளரிடமே திரும்பப் போக வேண்டும். பிரதி மட்டும் நூலகத்தில் தங்கினால் போதும். விற்பனைக்கு வந்த ஒலிப்பதிவுகளுக்கு நம் சட்டப்படி 60 ஆண்டுகள் பதிப்புரிமை இருப்பதால், திரைப்பாடல்களை நூலகம் பொதுவில் வெளியிட முடியாது. அது தேவையும் இல்லை. அம்பாப் பாட்டு, முளைப்பாரிப் பாட்டு, திருமண வீட்டுப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, தேவாலயப் பாடற்குழுக்கள், கந்தூரி மேடைகள் என்று வீட்டவரும் ஊராரும் பதிவு செய்தவற்றுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். பாடியவர்களிடமோ அவர்கள் குடும்பத்தாரிடமோ ஒப்புதல் பெற்று, 2016 முதல் பாம்பன் தீவிலிருந்து மீனவர்களுக்காக ஒலிபரப்பாகி வரும் கடல் ஓசை 90.4 சமுதாய வானொலி அவற்றை ஒலிபரப்பலாம். கேட்பவர்களில் யாராவது ஒருவர், அது என் தாத்தாவின் குரல் என்று சொல்லக்கூடும். பாடியவரின் பெயர் தெரியாத பதிவுகளுக்குப் பெயர் கிடைக்க வேறு வழி இல்லை.

தங்கள் நாளிதழ் வார இணைப்பில் சிறிது இடம் ஒதுக்கி, வாசகர்கள் தங்கள் வீட்டுக் கேசட்டுகளில் உள்ளவற்றைப் பற்றி எழுத அழைத்தால், எந்த ஊரில் எது இருக்கிறது என்பதாவது தெரியவரும். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வேதாளை பகுதிகளில் யாரேனும் கேசட்டுகளைக் கழிக்கும் எண்ணத்தில் இருந்தால், தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தகவல் கொடுக்கட்டும். நானே வந்து பெற்றுக்கொண்டு, கணினிக்கு மாற்றி, பிரதியையும் நாடாவையும் அவர்களிடம் ஒப்படைக்கிறேன். உள்ளே செருகியிருக்கும் அட்டையை மட்டும் தயவுசெய்து தனியே எடுத்துப் போட்டுவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வு பெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.